720720-ஐப் பிரித்து வகைப்படுத்துவது எப்படி

பெரிய எண் ஒன்றைப் பார்த்ததும் 2, 3, 5 என்று வகுக்கத் தொடங்க வேண்டாம். முதலில் இலக்கங்களைப் பாருங்கள். இங்கே 720 இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. எந்த மூன்றிலக்க எண்ணை இப்படி இரட்டித்து எழுதினாலும் அதை 1001-ஆல் பெருக்கியதாகத்தான் பொருள். 1001 = 7 × 11 × 13. வகுத்துப் பார்க்கச் சிரமமான மூன்று பகா எண்கள் ஒரே வீச்சில் கிடைத்துவிட்டன! மீதமுள்ள 720-ஐப் பிரிப்பது எளிது.

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

அடுத்து வரும் எல்லாக் கணக்குக்கும் இந்த வரிதான் அடித்தளம். அடியில் இருப்பவை எல்லாம் பகா எண்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2⁴ என்பதை 4² என்று எழுதினால் மதிப்பு மாறாது, ஆனால் வகுத்திகளின், அதாவது அதை மீதியின்றி வகுக்கும் எண்களின், எண்ணிக்கை கெட்டுவிடும்.

அந்த எண்ணிக்கைக்கு ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. 4² என்று வைத்திருந்தால் 144 என்று தவறாக வந்திருக்கும். 1 கூட்டுவது ஏன்? 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான். 0 முதல் 4 வரை ஐந்து வழிகள்.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு, 2-க்கு 1+2+4+8+16 = 31, 3-க்கு 1+3+9 = 13, மற்றவற்றுக்கு 6, 8, 12, 14. பெருக்கினால் 32,49,792. இதில் 720720-உம் சேர்ந்திருக்கிறது. பலர் தவறுவது இங்கேதான். கழித்தால் 25,29,072. இது எண்ணைவிடப் பெரிது, ஆகவே 720720 ஒரு மிகை எண்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுத்திகள் இல்லை என்பதால் இது உயர் பகு எண்ணும்கூட. இந்த வகை எண்களை ராமானுஜன் 1915-இல் வெளியான தம் நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். ஓர் எண் உயர் பகு எண்ணாக இருக்க, அதன் பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளியின்றி வர வேண்டும், அடுக்குகள் ஏறக் கூடாது, 4, 36 இரண்டையும் தவிர்த்தால் கடைசி அடுக்கு 1 ஆக இருக்க வேண்டும். இவை பொருந்தினால் மட்டும் போதாது. 30030 = 2 × 3 × 5 × 7 × 11 × 13 என்பதற்கு எல்லாம் பொருந்துகிறது; வகுத்திகள் 64. அதைவிடச் சிறிய 27720-க்கோ 96! ஆகவே 30030 உயர் பகு எண் அல்ல.

720720-இல் 16 வரையுள்ள பகா எண்கள் எல்லாம் இருக்கின்றன; 16-ஐத் தாண்டாத பெரிய மடிகளான 2⁴ = 16, 3² = 9 இரண்டும் இருப்பதால், 1 முதல் 16 வரை எல்லா எண்களுக்கும் இதுவே மீச்சிறு பொது மடங்கு. எனவே 720721-ஐ 2 முதல் 16 வரை எதுவும் மீதியின்றி வகுக்காது. அதை வைத்தே பகா எண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 849-இன் வர்க்கம் 7,20,801 என்பதால், 17 முதல் 848 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்த பிறகே அதைச் சொல்லலாம்.