புதிய குடியிருப்புத் திட்டத்தின் மீது ஆட்சேபணை எழுதும் முறை

கிராமத்தின் எல்லையில் 200 வீடுகள் வரப்போகின்றன என்று தெரிந்ததும், ‘நெரிசல் கூடும், சாலை தாங்காது’ என்று எழுதிக் கையெழுத்துத் திரட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த மனுவை அலுவலகத்தில் ஒரே வரியில் முடித்துவிட முடியும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு என்று கணக்கோடு கேட்கும் மனுவை அப்படித் தள்ளுவது கடினம்.

முதலில் ஆட்சேபணைக்கான கடைசித் தேதியை உறுதிசெய்துகொண்டு, மனை வரைபடத்தையும், இருந்தால் போக்குவரத்து ஆய்வறிக்கையையும் கேட்டுப் பெறுங்கள். அறிக்கையில் வாகனங்களை எண்ணிய நாள் எது என்று பாருங்கள். பள்ளி விடுமுறையில் எண்ணியிருந்தால், அந்த எண்ணிக்கையின் மதிப்பு அவ்வளவுதான்.

பிறகு நீங்களே எண்ண வேண்டும். வேலைநாள் ஒன்றில், காலையிலும் மாலையிலும் நெரிசல் மிகுந்த இரண்டு மணி நேரத்துக்கு, ஊரின் முக்கியச் சந்திப்பைக் கடக்கும் வாகனங்களை 15 நிமிடத்துக்கு ஒரு முறை வகைவாரியாகக் குறியுங்கள். புதிய வீடுகளால் எவ்வளவு கூடும் என்பதை அறிய, அதே தன்மையுள்ள, ஏற்கெனவே மக்கள் குடியேறிய ஒரு குடியிருப்பின் வாயிலில் இதே போல் எண்ணுவதே நம்பகமான வழி. அமெரிக்கப் பொறியாளர்களின் கையேடு தனி வீடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 வாகனப் பயணங்கள் என்கிறது. ஆனால் கார் இல்லாமல் நகர முடியாத ஊர்களின் கணக்கை மற்ற இடங்களுக்கு எடுத்துக்கொண்டால் மனு எளிதாக உடைபடும். 80 வீடுகளிலிருந்து நெரிசல் மணியில் 40 வாகனங்கள் வந்து போனால், 200 வீடுகளுக்கு 100 என்று கொள்ளலாம். அதாவது 36 விநாடிக்கு ஒன்று.

சாலையின் அகலத்தை அதன் மிகக் குறுகிய இடத்தில் அளக்க வேண்டும். லாரி ஒன்றின் அகலமே ஏறத்தாழ 2.5 மீட்டர் என்பதால், 3.5 மீட்டர் சாலையில் எதிரெதிரே வரும் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். கட்டுமானக் காலத்தில் இது அன்றாடம் நடக்கும். புதிய வாயில் வளைவுக்கு அருகில் இருந்தால் பார்வைத் தூரத்தையும், அதாவது வரும் வாகனம் வாயிலிலிருந்து எவ்வளவு தொலைவில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும், அளந்து எழுதுங்கள்: 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், பிரேக்கை மிதிக்கும் முன்பே, 2.5 விநாடியில் 35 மீட்டரைக் கடந்துவிடுவார்.

சாலைக்குக் கிடைக்கும் கவனம் நீருக்குக் கிடைப்பதில்லை, ஆனால் பின்னாளில் அதிகம் தொல்லை தருவது அதுதான். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. மண் உறிஞ்சிக்கொண்டிருந்த பங்கு, கூரையும் தாரும் வந்தபின் பள்ளத்தில் உள்ள வீடுகளை நோக்கி ஓடும். குடிநீரை ஆளுக்கு 100 லிட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், வீட்டுக்கு நால்வர் வீதம் நாளொன்றுக்கு 80,000 லிட்டர் வேண்டும். அதில் பெரும்பகுதி கழிவுநீராகத் திரும்பும் என்பதால், அது எங்கே போய்ச் சேரும் என்பதையும் கேளுங்கள்.

திட்டமே வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், அனுமதி கிடைத்துவிட்டால் விதிக்க வேண்டிய நிபந்தனைகளையும் மனுவில் சேருங்கள். ‘சாலை அகலப்படுத்தப்படும்’ என்ற வாக்குறுதி போதாது. முதல் வீட்டில் ஆள் குடியேறும் முன் அந்தப் பணி முடிய வேண்டும், மழைநீரை மனைக்குள்ளேயே தேக்க வேண்டும், பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் லாரிகள் வரக் கூடாது என்று காலக்கெடுவோடு கேளுங்கள். அருகில் அனுமதி பெற்றுக் கட்டப்படாமல் கிடக்கும் மற்றத் திட்டங்களின் வீடுகளையும் இந்தக் கணக்கோடு கூட்டி, எண்ணிய தாள்களையும் தேதியிட்ட புகைப்படங்களையும் இணைத்து, மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.