கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு பாலைவன பீரங்கி லாரி

வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுங்கள். நம்ம மதுரைக்காரர்கள் கல்யாணத்துக்கு அடிக்கிற அட்டையின் தடிமனுக்கு மாடல் கடைப் பக்கமே போக வேண்டாம். இதில் செய்யப்போவது 'போர்ட்டே'. 1941-42ல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையிடம் இருந்த, டாங்க் எதிர்ப்பு பீரங்கியை முதுகில் சுமந்த லாரி.

குழல் வாய் 40 மி.மீ. அகலமுள்ள அந்த 'டூ-பவுண்டர்' பீரங்கியைக் கல்லும் மேடுமான பாலைவனத்தில் கட்டி இழுத்தால், அதன் சக்கரமும் சட்டமும் ஆட்டம் கண்டுவிடும். அதனால்தான் தூக்கி மேலே வைத்தார்கள். அவசரம் என்றால் அங்கிருந்தே சுடலாம், நேரமிருந்தால் தரையில் இறக்கலாம்.

அளவைக் கூல்டிரிங்ஸ் பாட்டில் மூடி தீர்மானிக்கட்டும். மூடி சுமார் 30 மி.மீ., அசல் டயர் கிட்டத்தட்ட 90 செ.மீ. ஆக, 30ல் ஒரு பங்கு. போர்ட்டேயாகப் பயன்பட்ட லாரிகளில் ஒன்றான ஃபோர்டு எஃப்30ல் முன், பின் அச்சுகளுக்கு நடுவே 3.4 மீட்டர்; நமக்கு 113 மி.மீ. ஊதுபத்திக் குச்சிதான் அச்சு. மூடியில் துளை போட கோணூசியைச் சூடாக்க வேண்டும், சின்னப் பசங்கள் பெரியவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பின்தளத்துக்கு மூன்று அட்டைகளை ஃபெவிக்காலில் ஒட்டி, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். இல்லாவிட்டால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிடும். டிரைவர் பக்கம் கூரை, கண்ணாடி இரண்டும் வேண்டாம். வெயிலில் கண்ணாடி மின்னினால் எதிரிக்கு வெகுதூரம் தெரியும் என்று பல லாரிகளில் அசலிலேயே கழற்றிவிட்டார்கள். நமக்கும் வேலை மிச்சம்.

குழல் அசலில் 2 மீட்டர். தீர்ந்த பால்பேனா ரீஃபிலைக் கழுவி 67 மி.மீ.க்கு வெட்டினால் சரியாக வரும். தீக்குச்சிகள் மூன்றைக் கால்களாக விரித்து, நடுவில் குண்டூசி குத்துங்கள். முழு வட்டமும் சுழலும். அசலும் அப்படித்தான் சுழலும். முன்னால் ஒரு கேடய அட்டை. அந்தத் தகடுதான் ஆட்களுக்கு இருந்த ஒரே மறைப்பு. 1941 நவம்பர் 21, லிபியாவின் சிதி ரெசெக்கில் வார்ட் கன் என்ற செகண்ட் லெப்டினன்ட் இப்படியொரு லாரி மேலிருந்து, அது தீப்பற்றிய பிறகும் சுட்டுக்கொண்டே இருந்து இறந்தார். இறந்த பின் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

இப்போது முக்கியமான இடம். முதல் மாடலில் நான் குழலை டிரைவர் தலைக்கு மேல் நீட்டி ஒட்டிவிட்டேன். லாரி ஓட்டும் மாமா பார்த்தார். "என்ன மாப்ள, சுட்டா மொத அடி டிரைவர் மண்டைக்கில்ல?" அவர் கேட்டது நியாயம். போர்ட்டே பெரும்பாலும் பின்பக்கம்தான் சுடும். மாட்டுத்தாவணியில் லோடு இறக்க வருகிற வண்டி மாதிரி ரிவர்ஸில் வந்து நிற்கும், சுட்டதும் நேரே ஓட்டிப் போய்விடலாம். குழல் பின்பக்கம் பார்க்கட்டும்.

போஸ்டர் கலரில் வெள்ளை, மஞ்சள், துளி பிரவுன் சேர்த்தால் மணல் நிறம். ஈரம் காய்வதற்குள், காய்ந்த வைகை மணலை டீ வடிகட்டியில் சலித்து டயர் மேல் தூவுங்கள். அம்மா பார்ப்பதற்குள் வடிகட்டியைக் கழுவி வைத்துவிடுங்கள்.