ராட்டர்டாமில் எங்கே சாப்பிடலாம்?
நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகருக்குச் செல்வோர் பலர், பிளாக் ரயில் நிலையத்துக்கு அருகே 2014இல் திறக்கப்பட்ட மார்க்தால் என்னும் லாட வடிவக் கூடத்திலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். கூரை ஓவியத்தை அண்ணாந்து பார்க்க அது நல்ல இடம்தான், ஆனால் விலை சற்றுக் கூடுதல். செவ்வாய், சனிக்கிழமைகளில் அதன் பக்கத்திலேயே கூடும் திறந்தவெளிச் சந்தையில், பொரித்த மீன் துண்டுகளான கிப்பெலிங்கைச் சூடாக வாங்கி நின்றபடியே சாப்பிடலாம்.

வயிறார உண்ண வேண்டுமென்றால், வெஸ்ட்-க்ரௌஸ்கடே தெருவிலுள்ள சூரினாமிய உணவகங்களையே பரிந்துரைப்பேன்; சூரினாம் தென் அமெரிக்காவிலுள்ள முன்னாள் டச்சுக் காலனி. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சூரினாம் சென்றவர்களின் வழிவந்த ரொட்டி அங்கே கோழி மசாலா, உருளைக்கிழங்கு, நீளக் காராமணி, அவித்த முட்டை ஆகியவற்றோடு வரும். கையால் பிய்த்துச் சாப்பிடத் தயங்க வேண்டியதில்லை. நள்ளிரவுப் பசிக்கு, இந்நகரிலேயே பிறந்த கப்சலோன் உண்டு: உருளைக்கிழங்கு வறுவல், ஷவர்மா, உருகிய சீஸ், மேலே சாலட். சிறிய தட்டே போதும்.