மண் கொட்டும்போது விட்டுவிட்டுத் தூண் எழும்பியதும் மனுவோடு ஓடாதீர்கள்

போன மாதம் இரண்டு தம்பிகள் என் கடைக்கு வந்தார்கள். வடசென்னைத் திருவொற்றியூரில் வீட்டுக்குப் பிளான் வரைந்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. எர்ணாவூர் பக்கம் தண்ணீர் நிற்கிற இடத்தில் கட்டடம் எழும்புகிறதாம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பட்ட பாட்டுக்கு அப்புறமும் இப்படியா என்று ஒரே கொதிப்பு. "அண்ணே, முதல் தளத்துக்கு கான்கிரீட் போட்டாச்சு. இப்ப என்ன பண்ணலாம்?"

கொண்டுவந்த ஃபைலைப் புரட்டினேன். தூண், சென்டரிங், ஜல்லிக் குவியல் என்று எல்லாமே கட்டடத்தின் படங்கள். அதற்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் நான் தூக்கிக்கொண்டு அலைந்த ஃபைலும் அச்சு அசல் இதேதான்.

இப்படித் தண்ணீர் நிற்கிற இடத்தில் எழும்பும் கட்டடங்களை எதிர்க்கப் போகிறவர்கள் செய்கிற தப்புகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மனுவில் தேதி போடாதது, ஒப்புகைச் சீட்டு வாங்காதது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை அலைந்தால் அது தானாக வந்துவிடும்.

"பட்டா இருக்கே" என்றதும் வாயடைத்துப்போவது

பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அங்கே என்ன கட்டலாம் என்று சொல்லாது.

மண்ணை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பிடிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. செய்தவன் நான் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரங்கள் விழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கம் காம்பவுண்டு சுவர், ஓட்டுக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று சரிந்ததும் நிறைய. தெருவெல்லாம் ராபிஷ், அதாவது கட்டட இடிபாடு. அது எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை, தெரு காலியானால் போதும் என்று இருந்தோம். பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே ஒரு பள்ளம் இருந்தது. அமாவாசை, பௌர்ணமிக்கு அதில் உப்புத்தண்ணீர் ஏறும், மற்ற நாளில் கோரையும் சேறும்தான். ராத்திரி டிப்பர்கள் அங்கேதான் போயின. ஒரு டிரைவர் இடம் தெரியாமல் நின்றபோது, "அந்தப் பள்ளத்துல கொட்டிடுங்க" என்று வழி காட்டியவனே நான்தான்.

ஆறு மாதம் கழித்து மேலே செம்மண் பரப்பி மனைக் கல் நட்டார்கள். அப்போதும் உறைக்கவில்லை. தூண் கம்பி எழும்பிய பிறகுதான் கோபம் வந்தது. மனு மேல் மனு போட்டேன். கடைசியில் ஓர் அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்தார்கள், அதுவும் மே மாதத்தில். வந்தவர் செருப்புக் காலால் தரையைத் தட்டி, "தண்ணி எங்க சார் இங்க?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. காய்ந்த செம்மண், அதன் நடுவில் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பள்ளம் இருந்ததற்கு ஆதாரம் என் வாய்ச்சொல் மட்டும்தான்.

பள்ளத்தைத் தூர்த்த அன்றைக்கே காரியம் முடிந்துவிட்டது. அதன் மேல் வந்த கட்டடம் மிச்ச வேலைதான். கணக்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. மூன்று அடி உயர்த்தினால் 7,200 கன அடி, அதாவது 72 யூனிட் மண். மூன்று யூனிட் டிப்பரில் 24 நடை. அந்த 7,200 கன அடியில் முன்பு நின்ற தண்ணீர் இரண்டு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 17 லாரி. ஒரு கிரவுண்டுக்கு மட்டும் இவ்வளவு. இந்த 17 லாரித் தண்ணீர் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்?

எங்கே போயிற்று என்பது 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் மழை பெரிய மழை. பூண்டி ஏரியின் உபரிநீரும் கொசஸ்தலை ஆற்றில்தான் வரும். எல்லாப் பழியையும் ஒரு மனைப்பிரிவின் மேல் போட மாட்டேன். ஆனால் 2015 வெள்ளத்தில் கணுக்கால் தாண்டாத என் அக்கா வீட்டுச் சந்தில் இந்த முறை இடுப்பளவு நின்றது. மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் வேறு அதில் மிதந்தது. சுவரில் அது படிந்த கருப்புக் கோட்டின் மேல் இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று. ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

அதனால் புயல் ஓய்ந்ததும் வார்டு பொறியாளரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இடிபாடு எங்கே போகிறது என்பதுதான். கட்டட இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்த மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலேயே ஆலை இருக்கிறது. பள்ளத்துக்குப் போகிற முதல் லாரியின் நம்பர், நேரம், படம் இவைதான் சரக்கு. நூறாவது லாரி போனபிறகு நீங்கள் காய்ந்த நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம், ஐப்பசி மழைக்கு முன்னாலேயே, அமாவாசையை ஒட்டி ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும் நேரத்தில் போய்ப் படம் எடுத்து வையுங்கள். மழை காலத்துப் படத்தைக் காட்டினால் "அது மழைத்தண்ணி" என்பார்கள். நம்பர் எழுதிய ஈபி கம்பம் ஒன்று படத்தில் விழட்டும். நம் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே சுமார் ஒரு மீட்டர்தான். முழங்கால் உயரத்துக்கு ராபிஷ் கொட்டினாலே பல இடங்களில் உப்புத்தண்ணீர் வருவது நின்றுவிடும். அவ்வளவு சின்ன வேலை அது.

கடல் கண்ணில் படவில்லை, அதனால் கடலோர விதி இல்லை என்று நினைப்பது

கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோரப் பகுதி, கடற்கரை மணலோடு முடிவதில்லை. ஓதம் ஏறும் கழிமுகத்திலும் ஆற்றிலும் உள்ளே வரும். வறண்ட காலத்தில் தண்ணீரின் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை அதன் எல்லை. கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிக்கை அந்த நூறை ஐம்பதாக்கிவிட்டது. எந்த வரைபடத்தை வைத்துப் பேசுகிறீர்கள் என்று எதிரில் இருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும். எண்ணூர் கழிமுகத்துக்கு 1996இல் ஒப்புதலான வரைபடம் ஒன்று இருக்க, கழிமுகமே இல்லாத வேறொன்றை அதிகாரிகள் காட்டுகிறார்கள் என்ற சண்டை எங்கள் பக்கம் வருஷக்கணக்கில் ஓடியது.

கடல் அரிப்புக்குக் கல் கொட்டச் சொல்வது

சென்னைத் துறைமுகச் சுவர் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை கரைந்தது. நம் குப்பத்துக்கு ஒரு கல் தடுப்பு கேட்டு வாங்கினால் அடுத்த குப்பத்துக்காரர் நம் வாசலுக்கு வருவார்.

குப்பத்து மாடியை எதிர்ப்பது

மகனுக்குக் கல்யாணம், மேலே ஓர் அறை எழுப்புகிறார் ஒரு மீனவர். அதையும் "அதிகக் கட்டுமானம்" பட்டியலில் சேர்த்திருந்தார்கள் அந்தத் தம்பிகள். நான் பேனாவை எடுத்து அடித்துவிட்டேன். மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களம் எல்லாம் கடலோர வரைபடத்தில் குறிக்கப்படவேண்டும் என்று விதியே சொல்கிறது. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பக்கம் போய் வலை உலர்த்தும் இடம் வரைபடத்தில் இருக்கிறதா என்று பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து பாருங்கள். விட்டுப்போயிருந்தால் நாளைக்கு அது காலி மனை. அந்த ஊர்க்காரரைப் பகைத்துக்கொண்டு கழிமுகத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு யார் துணை வருவார்?

புயல் அடித்த வாரத்திலேயே கூட்டம் போடுவது

வேண்டாம். எல்லாரும் பாய் காயவைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தம்பிகளின் கட்டடம் நிற்குமா, போகுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து கிரவுண்டு தூர்க்காமல் கிடக்கிறதாம். வருகிற அமாவாசைக்குக் காலையிலேயே போகலாம் என்று பேசியிருக்கிறோம். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன், சேறு பிடுங்கிக்கொள்ளும்.