அட்ஜுடிகேட்டருக்கு அதிகாரம் இல்லை என்று எப்போது, எப்படிச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கராஜ்தான் என் ஆபீஸ். டர்பன் பக்கத்துச் சின்ன கட்டுமான கான்ட்ராக்டர்களுக்கு க்ளெய்ம், அதாவது வரவேண்டியதைக் கேட்கும் மனு, எழுதித் தருகிறேன். ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் விசாரித்து, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் முடிவு சொல்பவர்தான் அட்ஜுடிகேட்டர்; அந்த விசாரணைதான் அட்ஜுடிகேஷன். "அக்கா, அந்த ஆளுக்கு இதை விசாரிக்கவே அதிகாரம் இல்லை" என்று யார் ஓடிவந்தாலும், கான்ட்ராக்டைக் கொண்டுவா என்பேன். இங்கிலாந்தில் 1996-ஆம் வருடச் சட்டமே அட்ஜுடிகேஷனுக்கு வழி வைத்திருக்கிறது. நமக்கு இங்கே அந்த அதிகாரம் ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது.

அதனால் முதலில், அவரை ஒப்பந்தம் சொன்னபடி நியமித்தார்களா என்று பாருங்கள். அப்புறம் தேதிகள். என்இசி3 என்ற அச்சிட்ட மாதிரி ஒப்பந்தத்தில், தகராறு தீர்க்கும் டபிள்யூ1 பிரிவு என்றால், தகராறு நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வாரம் ஆன பிறகு, நான்கு வாரம் முடிவதற்குள் அவரிடம் அனுப்ப வேண்டும்.

ஒரு வடிகால் வேலையில் எதிர்த்தரப்பு ஒன்பதாவது நாளே அனுப்பிவிட்டது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. நாற்பது பக்கப் பதில் எழுதினேன், ஆட்சேபணை ஒரு வரிகூட இல்லை. முடிவு பாதகமாக வந்த அன்று ராத்திரிதான் கோயில் காலண்டரில் விரல் வைத்து எண்ணினேன். "வாயை மூடிக்கொண்டு கலந்துகொண்டுவிட்டு இப்போது வந்தால் எப்படி?" என்றார் வக்கீல்.

இப்போதெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன். ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இது: "உரிய காலத்துக்கு முன்பே அனுப்பப்பட்டதால் தங்களுக்கு அதிகாரம் இல்லை. இந்த ஆட்சேபணையை விட்டுக்கொடுக்காமலே பதில் தருகிறோம்." பிறகு பதிலை ஒழுங்காகத் தர வேண்டும். கோபித்துக்கொண்டு ஒதுங்கினால் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் வைத்து முடிவு வந்துவிடும். 'அதிகாரம் உண்டா என்று நீங்களே சொல்லுங்கள், கட்டுப்படுகிறோம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோர்ட்டில் கேட்கவேண்டியதை அவர் கையில் கொடுத்த கதையாகிவிடும்.

முடிவு தப்பு என்பது வேறு, அதிகாரம் இல்லை என்பது வேறு. 2021-இல் கூபெர்க் அணுமின் நிலைய வேலை தொடர்பாக கான்ட்ராக்டர் ஃப்ராமடோமும் அரசு மின் நிறுவனமான எஸ்காமும் மோதிய வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்தது இதைத்தான்: தன்னிடம் வந்த கேள்விக்கு அட்ஜுடிகேட்டர் தப்பாகவே பதில் சொல்லியிருந்தாலும் அது கட்டுப்படுத்தும், கேட்காத கேள்விக்குச் சொன்னால்தான் செல்லாது. எஸ்காம் தோற்றது. 'கணக்குத் தப்பு' என்று பணத்தை நிறுத்திவைக்கும் பெரிய ஆட்களுக்கு இதைக் காட்டுங்கள்.

முடிவில் திருப்தி இல்லையா? அதே டபிள்யூ1 பிரிவில், நான்கு வாரத்துக்குள் அதற்குத் தனி நோட்டீஸ் உண்டு. முடிவு கைக்கு வந்த நாளை வட்டம் போட்டுவையுங்கள்.