விரலுக்கேற்ற எடை: கணினி விளையாட்டுக்கு லீனியர் சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும் முறை

என் அக்கா மகன் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தை விளையாட உட்காருவான். சென்ற ஆண்டு லோ யாட் பிளாசா என்ற கணினிக் கடைவளாகத்துக்குத் தனியாகப் போய், ஒரு மில்லிமீட்டர் அழுத்தினாலே பதிந்துவிடும் லீனியர் சுவிட்சுகளை விசைகளுக்கு அடியில் பொருத்திய விசைப்பலகை ஒன்றை வாங்கி வந்தான். இரண்டு வாரம் கழித்து, "மாமா, விரலை வைத்தாலே புகைக்குண்டு போய்விடுகிறது" என்று என்னிடம் கொண்டுவந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவனுடைய ஆள்காட்டி விரல் அடுத்து வரப்போவதை எதிர்பார்த்து விசையின் மேல் ஓய்வாக இருந்தது. அந்த ஓய்வின் பாரமே விசையைப் பதியவைக்கப் போதுமானதாக இருந்தது. பொருளில் குறையில்லை. சுவிட்சு பதியும் ஆழத்தைப் பார்த்து வாங்கியவன், அதன் எடையை, அதாவது அதை அழுத்தத் தேவையான பலத்தை, பார்க்கத் தவறிவிட்டான்.

லீனியர் சுவிட்சில் நடுவழியில் தடையும் இல்லை, கிளிக் என்ற ஒலியும் இல்லை. மேலிருந்து அடிவரை, விசையைத் தாங்கும் தண்டு ஒரே சீராக இறங்க, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டும் படிப்படியாகக் கூடுகிறது. ஆகவே இரண்டு லீனியர் சுவிட்சுகளுக்கு இடையில் விரல் உணரும் வேறுபாட்டில் பெரும்பங்கு ஸ்பிரிங்கினுடையதே. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ரெட், எம்எக்ஸ் பிளாக் ஆகிய இரண்டுமே 2 மில்லிமீட்டரில் பதிந்து 4 மில்லிமீட்டரில் அடியைத் தொடுபவை. ஆனால் ரெட் பதிவதற்கு 45 சென்டிநியூட்டனும் பிளாக் பதிவதற்கு 60 சென்டிநியூட்டனும் தேவை. ஒரு சென்டிநியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிராம் எடையின் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 15 கிராம் வேறுபாடு அழுத்தும்போது மட்டுமல்லாமல் விடும்போதும் வேலை செய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வேலரன்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 போன்ற ஆட்டங்களில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். குறி தப்பாமலிருக்க இடப்பக்க விசையிலிருந்து விரலை எடுத்து, எதிர்ப்பக்க விசையைத் தட்டி, நின்று சுட வேண்டும். அந்தக் கணத்தில் ஸ்பிரிங் விரலை மேலே தள்ளிக்கொடுக்கிறதா, அல்லது விரலின் பாரத்துக்குப் பணிந்து கீழேயே கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. கனமான கை உள்ளவர்களுக்கு 50 முதல் 60 கிராம் வரையிலான சுவிட்சு நன்றாகத் திரும்பி வரும். மெல்ல அழுத்தும் பழக்கமுள்ளவர்களும், முன்னோக்கி ஓடும் விசையை மணிக்கணக்கில் பிடித்திருப்பவர்களும் 45 கிராம் அளவில் நின்றுகொள்வது நல்லது. அதற்கு மேல் போனால் விரல் வலி எடுக்கலாம்.

உங்கள் கைக்கு எது பழகியிருக்கிறது என்று அறிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மலேசியாவில் 2012-இல் புழக்கத்துக்கு வந்த பொன்னிற 50 சென் நாணயம் ஒன்றின் எடை ஐந்தரை கிராமுக்குச் சற்று அதிகம். இப்போதுள்ள மெக்கானிக்கல் விசைப்பலகையை (ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்சு உள்ளதை) கணினியில் இணைத்து, எழுதும் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, ஒரு விசையின் மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எட்டாவது நாணயத்தில் எழுத்து விழுந்தால் உங்கள் சுவிட்சு 45 கிராமை ஒட்டியது. பதினொன்றாவதில் விழுந்தால் 60 கிராமை ஒட்டியது. அந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, இதைவிட லேசாக வேண்டுமா, கனமாக வேண்டுமா என்று முடிவு செய்த பிறகு கடைக்குப் போனால் பேச்சும் சுருக்கமாக முடியும்.

கடையில் மாதிரிச் சுவிட்சுகள் இருந்தால், விசையின் நடுவில் அழுத்திப் பார்ப்பதோடு நிற்காமல் ஓரத்தில் விரலை வைத்து மிக மெதுவாக அழுத்துங்கள். ஆட்டத்தின் பரபரப்பில் விரல் நடுவில் விழுவதில்லை. ஓரத்தில் அழுத்தும்போது மணல் உரசுவது போல் இருந்தால், தண்டு கூட்டோடு உராய்கிறது, அல்லது உயவுப்பசை போதவில்லை என்று பொருள். தொழிற்சாலையிலேயே பசையிட்ட சுவிட்சுகள் இப்போது குறைந்த விலையிலும் கிடைப்பதால், சொரசொரப்பை யாரும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஹால் எஃபெக்ட் எனப்படும் காந்தச் சுவிட்சுகளும் லீனியர் வகைதான். தண்டிலுள்ள காந்தத்தின் நகர்வை உணரி அளப்பதால், பதியும் ஆழத்தை மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். இவற்றிலுள்ள ரேப்பிட் டிரிகர் என்ற வசதியை இயக்கினால் விரல் சற்றே உயர்ந்த உடனேயே விசை விடப்பட்டதாகக் கணக்காகும். நின்று சுடும் ஆட்டங்களையே பெரிதும் விளையாடுபவருக்குக் கூடுதல் பணத்தை இதில் போடுவது தகும் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு எதிர் விசைகளை ஒன்றாக அழுத்தினால் பிந்தியதை மட்டும் ஏற்கும் வசதியை கவுண்டர்-ஸ்டிரைக் 2 ஆடும்போது அணைத்துவிடுங்கள். 2024 ஆகஸ்டு முதல் அந்த ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் அதைத் தன் அதிகாரபூர்வ சர்வர்களில் அனுமதிப்பதில்லை.

சுவர் ஒட்டிய வீடுகளில் இரவில் ஆடுபவர்கள் ஒலியையும் எண்ண வேண்டும். லீனியர் சுவிட்சில் கேட்பது தண்டு அடியில் மோதும் சத்தமும் திரும்பி மேலே இடிக்கும் சத்தமும்தான். தண்டில் ரப்பர் வைத்த சைலன்ட் வகை இரண்டையும் அடக்கும். அக்கா மகனுக்கு அதையே 50 கிராம் எடையில் வாங்கிக் கொடுத்தேன்.

முழுப் பலகைக்கும் ஒரேயடியாக வாங்காமல், முதலில் பத்துச் சுவிட்சுகள் வாங்கி நகர்வுக்கான நான்கு விசைகளிலும் அவற்றை ஒட்டிய விசைகளிலும் மாட்டி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். அதற்குப் பலகை ஹாட்-ஸ்வாப் வகையாக, அதாவது பற்றவைப்பு இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடியதாக, இருக்க வேண்டும். சாதாரண மெக்கானிக்கல் பலகையில் காந்தச் சுவிட்சோ ஒளிக்கற்றையால் பதியும் ஒளிச் சுவிட்சோ வேலை செய்யாது. மூன்று கால்களுக்கான பலகையில் ஐந்து கால் சுவிட்சை மாட்டுவதென்றால் பக்கங்களிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் கால்களையும் வெட்ட வேண்டும். மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு சுவிட்சின் உலோகக் கால்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வளைந்திருந்தால் சிறு இடுக்கியால் நிமிர்த்திவிட்டு, செங்குத்தாக அழுத்துங்கள். வளைந்த காலோடு அழுத்தினால் அது மடங்கிக்கொள்ளும், விசை பதியாது. பலம் கொடுத்தால் பலகையின் அடியில் சுவிட்சின் கால்களைப் பிடிக்கும் சாக்கெட்டே பெயர்ந்துவிடும்.