தெருவில் கழிவுநீர், எரியாத விளக்கு, பள்ளமான சாலை: சென்னையில் முதல் முறை புகார் கொடுப்பவர்களுக்கு

சென்னையில் புகார் பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு அடித்தால் பதிவாகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஓரிரு நாளில் 'புகார் முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும், தெருவில் தண்ணீர் அப்படியே நிற்கும். பல நேரம் புகார் தப்பான துறைக்குப் போயிருக்கும், அல்லது வந்த ஊழியருக்கு இடம் தெரிந்திருக்காது. இரண்டையும் நாமே ஓரளவு தடுக்கலாம். அதனால் போனைக் கையில் எடுப்பதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

படி 1: இது யாருடைய வேலை?

முதலில், நீங்கள் இருப்பது சென்னை மாநகராட்சியா என்று பாருங்கள். பின்கோடு 600-ல் தொடங்கினால் சென்னை மாநகராட்சி என்று அர்த்தமில்லை. பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல் எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் வருகின்றன. ஆவடியும் தனி மாநகராட்சி. அங்கே இருப்பவர்களுக்கு 1913 உதவாது. அம்பத்தூர், ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கத்துக்காரர்கள் 2011 விரிவாக்கத்தில் சென்னைக்குள் வந்துவிட்டார்கள். சென்னையில் மொத்தம் 200 வார்டுகள். உங்கள் வார்டு எண்ணை மாநகராட்சி இணையதளத்தில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் படியிலும் தேவைப்படும்.

அடுத்தது துறை. குப்பை, தெருவிளக்கு, கொசு, தெருநாய், உட்புறச் சாலை, மழைநீர் வடிகால் ஆகியவை மாநகராட்சி. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் பலரும் இ.பி.க்குத்தான் போன் போடுகிறார்கள். விளக்கு மாநகராட்சியுடையது. கம்பி அறுந்து தொங்கினால், மின்பெட்டி திறந்து கிடந்தால் மட்டும் இ.பி. பெரிய சாலைகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும், சில தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமும் இருக்கின்றன.

ரொம்பக் குழப்புவது தெருவில் ஓடும் தண்ணீர்தான். சாலையில் வட்ட மூடி போட்ட மேன்ஹோலிலிருந்து பொங்கினால் அது பாதாளச் சாக்கடை, மெட்ரோ வாட்டர் பார்க்க வேண்டியது. சாலை ஓரமாக நீளவாக்கில் கான்கிரீட் பலகை மூடிப் போகும் வடிகாலிலிருந்து வந்தால் அது மழைநீர் வடிகால், மாநகராட்சியின் வேலை. உங்கள் காம்பவுண்டுக்குள் இருக்கும் தொட்டி அடைத்திருந்தால் அது உங்கள் செலவு!

இதில் ஒரு மூன்றாவது வகையும் உண்டு. மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகால் நாறுகிறது என்றால், யாரோ கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக அதில் இணைத்திருக்கலாம், இல்லையென்றால் பக்கத்தில் பாதாளச் சாக்கடை கசிந்து அதில் கலக்கலாம். மாநகராட்சியில் கேட்டால் 'இது கழிவுநீர், மெட்ரோ வாட்டரிடம் சொல்லுங்கள்' என்பார்கள். மெட்ரோ வாட்டரில் 'வடிகால் எங்களுடையது இல்லை' என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை, அதுதான் கொடுமை. இந்த மாதிரி நேரத்தில் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் புகார் பதிவு செய்து, ஒன்றின் எண்ணை மற்றதில் குறிப்பிடுங்கள்.

படி 2: ஆதாரம் சேர்த்தல்

இரண்டு படம் போதும். ஒன்று பிரச்சினையைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். இன்னொன்று சற்றுத் தள்ளி நின்று, பக்கத்துக் கடைப் பலகையோ வீட்டு எண்ணோ தெரியும்படி எடுத்தது. அந்த இரண்டாவது படம்தான் ஊழியரை இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும். தெருவிளக்காக இருந்தால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் படம் எடுங்கள்.

படி 3: புகாரை எழுதுதல்

இப்படி எழுதாதீர்கள்: 'எங்கள் ஏரியாவில் பல மாதமாகச் சாக்கடை நாறுகிறது. யாரும் கண்டுகொள்வதில்லை. உடனே நடவடிக்கை தேவை.'

இப்படி எழுதுங்கள்: 'வார்டு இத்தனை, இந்த நகர், மூன்றாவது குறுக்குத் தெரு, கதவு எண் 14 எதிரில், ரேஷன் கடையிலிருந்து இரண்டாவது மேன்ஹோல். திங்கள்கிழமை காலையிலிருந்து கழிவுநீர் பொங்கிச் சாலையில் ஓடுகிறது. அடைப்பு எடுக்க வேண்டும்.'

கோபம் நியாயமானதுதான். ஆனால் அடைப்பெடுக்க வரும் ஆளுக்கு அது எந்த மேன்ஹோல் என்று சொல்லாது. இன்னொன்று, ஒரு புகாரில் ஒரு பிரச்சினைதான். குப்பை, விளக்கு, நாய் மூன்றையும் சேர்த்து எழுதினால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மொத்தமாக முடித்துவிடுவார்கள்.

தெருநாய் பற்றிப் புகார் என்றால் 'பிடித்துக்கொண்டு போங்கள்' என்று எழுதிப் பெரிதாகப் பலன் இல்லை. 2023-ன் கருத்தடை விதிகளின்படி, பிடித்த தெருநாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பொதுவாகப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கருத்தடையையும் தடுப்பூசியையும் கேளுங்கள். கடிக்கும் நாய் என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

படி 4: பதிவு செய்தல்

மாநகராட்சிக்கு 1913, அல்லது 'நம்ம சென்னை' செயலி. (மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் கட்டடம் திறந்ததும் 1913-ல்தான், எண் மறக்காது.) படம் இணைக்க முடியும் என்பதால் செயலியே மேல். மெட்ரோ வாட்டருக்கு 1916, அல்லது 044-4567 4567. மின்சாரத்துக்கு இ.பி.யின் புகார் மையமான மின்னகம், 94987 94987. அறுந்த கம்பி என்றால் செயலி, படம் எதுவும் வேண்டாம், பக்கத்தில் போகாமல் உடனே அழையுங்கள்.

புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த எண் இல்லாமல் அடுத்த படிகள் எதுவும் நடக்காது.

படி 5: வேலை நடக்காமல் முடித்துவிட்டால்

அதே இடத்தில் நின்று அன்றைய தேதியோடு புதுப் படம் எடுங்கள். பிறகு மறுபடி புகார் கொடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு, 'வேலை நடக்காமலே முடிக்கப்பட்டது' என்று எழுதுங்கள்.

இதற்கும் அசையவில்லையா? ஆளை நேரில் பாருங்கள். மாநகராட்சியில் வார்டு உதவிப் பொறியாளர், எல்லோரும் ஏ.இ. என்று சொல்வார்கள். அவருக்கு மேலே மண்டல அலுவலர். கவுன்சிலரையும் பார்க்கலாம், தெருவிலிருந்து நாலு பேராகப் போவது நல்லது. மெட்ரோ வாட்டரில் முதலில் உங்கள் பகுதி டிப்போ, அதாவது அவர்களுடைய உள்ளூர் அலுவலகம். அதோடு ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகங்களில் குறைதீர் கூட்டம் நடத்துகிறார்கள். நிறையப் பேருக்கு இது தெரியாது. புகார் எண்களோடு அங்கே போய் உட்கார்ந்தால் அதிகாரியிடமே பேசலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100. அங்கே சொன்னாலும் புகார் சுற்றி வந்து அதே துறையின் மேசையில்தான் விழும், ஆனால் மேலிருந்து வருவதால் கொஞ்சம் வேகம் கிடைக்கலாம்.

படி 6: தகவல் உரிமைச் சட்டம்

அரசு அலுவலகத்தில் இருக்கும் ஆவணங்களைக் கேட்டு வாங்க உதவும் சட்டம் இது. இது கடைசிப் படி, எடுத்த எடுப்பில் இதற்குப் போக வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'ஏன் சரிசெய்யவில்லை?' என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை இல்லை. 'இந்த எண்ணுள்ள புகார் மீது எடுத்த நடவடிக்கை அறிக்கையின் நகல் தருக. புகாரை முடித்த அலுவலரின் பதவியையும், முடித்த தேதியையும், அப்போது பதிவேற்றிய படத்தின் நகலையும் தருக' என்று கேளுங்கள். செய்யாத வேலைக்கு அறிக்கை தருவது யாருக்கும் சுலபமில்லை. மனு போய்ச் சேர்ந்த சில நாளில் அடைப்பெடுக்கும் வண்டி வந்து நின்றாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இங்கே ஒரு வசதி உண்டு. மனுவைத் தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், 'எங்களுடையது இல்லை' என்று சொல்லி மூட முடியாது. சட்டத்தின் 6(3) பிரிவின்படி, 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். மாநகராட்சிக்கும் மெட்ரோ வாட்டருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வடிகால் பிரச்சினைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பதிலுக்கு 30 நாள் கெடு. வரவில்லை, அல்லது அரைகுறையாக வந்தது என்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. ஆணையத்தில் விசாரணைக்கு வர ரொம்ப நாள் ஆகலாம், அதனால் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.